படப்பைத் தங்கச்சியின் ஃபேன்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, ஒரு டேபிள் ஃபேனுக்குக் காயில் கட்டியது. கரீம் சுற்றினார், மகள் சாஹிரா எண்ணினாள். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய கடை. காயில் சுற்றும் கருவியில் எண் காட்டும் முள் எப்போதோ நின்றுபோயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம், "அதான் நீ இருக்கியே" என்பார். அன்று செவ்வாய்க்கிழமை. ஒரகடத்தில் வேலை முடிந்து மேடவாக்கம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரைக் காரில் ஏற்றிக்கொள்ள வந்தவளை, அஞ்சு நிமிஷம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

கெட்டுப்போன மோட்டார் எதனால் கெட்டது என்று பார்த்து அறிக்கை எழுதுவதற்குத்தான் ஒரகடத்துத் தொழிற்சாலை அவளுக்குச் சம்பளம் தருகிறது. கை சும்மா இருக்கவில்லை. அவர் உருவிப் போட்ட பழைய காயிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எரிஞ்ச வாடையே இல்லையே, அத்தா. இது வெட்டுப்பட்டிருக்கு. பாருங்க, முனை ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு."

"எலியா இருக்கும்."

"எலி கடிச்சா நசுங்கியிருக்கும். இது கத்திரிக்கோல்."

"அப்ப கத்திரிக்கோல் வெச்சிருக்கிற எலி" என்று சொல்லிவிட்டுக் கம்பிச் சுருளை மாட்டினார்.

"ஒரு ஜாயின்ட் போட்டா ரெண்டு நிமிஷ வேலை. எதுக்கு முழுசா அவுத்தீங்க?"

"இத்தன வருஷமா ஜாயின்ட்தான் போட்டுட்டு இருந்தேன். இந்தத் தடவ முழுசா கட்டிடலாம். இனிமே இது கெடக் கூடாது."

சுற்ற ஆரம்பித்தார். இருநூறு, இருநூற்று ஐம்பது. தலை நிமிராமலே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை படப்பை வரைக்கும் போயிட்டு வரலாமா? இதைக் குடுக்கணும்."

"நான் தினம் படப்பை வழியாத்தானே போறேன். முடிச்சு வைங்க, காருல எடுத்துட்டுப் போய் எறக்கிடறேன்."

"இல்லம்மா. ரெண்டு பேரும் போகணும். நேர்ல."

"ஒரு ஃபேனுக்கு ரெண்டு பேரா?"

கைப்பிடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பேச்சுக் குடுத்து எண்ணிக்கையை விட்டுட்டேன் பாருங்க" என்றாள் எரிச்சலோடு.

"முந்நூத்திப் பத்து" என்றார் கரீம்.

வாரத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு லீவு நாள். ஞாயிறைப் பற்றி, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை அதிகாலைத் தொழுகையை முடித்து நாற்காலியில் சாய்ந்தவர், அவள் தேநீர் கொண்டுவந்தபோது உயிரோடு இல்லை.

கரீமைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் அதுவரை சாஹிரா நினைத்திருந்தாள். வயது அறுபத்தேழு. படிப்பு எட்டாவது. மனைவி இறந்து எட்டு வருஷம். ஒரே மகள். காலை பத்து முதல் இரவு எட்டு வரை கடை. வெள்ளிக்கிழமை மட்டும் மதியம் இரண்டு மணி நேரம் அடைப்பு. காதில் பென்சில். ஆங்கிலம் தெரியாது. ஆனால் கல்லூரியில் அவள் வரைந்த மோட்டார் படத்தில் ஒரு சுற்று எதிர்த்திசையில் போயிருப்பதை விரலை ஓட்டியே கண்டுபிடித்தார். அதை அவளுடைய பேராசிரியர் கவனிக்கவில்லை.

வாடிக்கையாளர்களின் பெயரை அவர் எழுதுவதே இல்லை. ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு சாமானிலும் அட்டையை வெட்டி, துண்டுக் காயில் கம்பியால் கட்டி, ஊரையும் முறையையும் எழுதுவார். 'செம்பாக்கம் அக்கா.' 'பெருங்களத்தூர் சார்.' 'இரும்புலியூர் அண்ணன், மிக்ஸி.' ஒரே பெயரில் நாலு பேர் வந்தால் என்ன செய்வது, ஊரும் முறையும் குழம்பாது என்பார். கடைக்கு வரும் பெண்களில் மூத்தவர்கள் அக்கா, இளையவர்கள் தங்கச்சி. அவர் எல்லோருக்கும் அண்ணன். ரிப்பேர்க்காரனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே உறுத்தும். அத்தாவுக்கு ஒரே ஒரு அக்கா, ஷரீஃபா. பல்லாவரத்தில் பெரிய வீடு. கணவருக்குத் தோல் வியாபாரம். சாஹிராவுக்கு அவர் மாமி. பெருநாளன்று அந்த வீட்டுக்குப் போனால், சாஹிராவும் அம்மாவும் உள்ளே போவார்கள். கரீம் வாசற்படியைத் தாண்ட மாட்டார். நின்ற இடத்திலிருந்தே "லாத்தா, வந்திருக்கேன்" என்று குரல் கொடுப்பார். அக்காவை லாத்தா என்றுதான் அழைப்பார். உள்ளே மாமியின் கை சட்டென்று முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அக்கா. சேமியாவும் தேநீரும் சாஹிராவின் கையில் வாசலுக்குப் போகும். ஒரு ஸ்டூலில் வைத்துச் சாப்பிடுவார்.

பத்து வயதில் ஒருநாள் அவள் கேட்டாள்: "மாமி, அத்தா என்ன கரன்ட் ரீடிங் எடுக்க வந்தவரா? வாசல்லயே நிக்க வெக்கிறீங்க?"

அந்தக் கூடத்தில் இருந்த குழந்தைகள் எல்லாம் சிரித்தன. மாமியும் முக்காட்டுக்குள் சிரித்தார். அத்தாவும் வாசலில் நின்று சிரித்தார். அது ஒரு குடும்ப வேடிக்கையாகவே ஆயிற்று. அடுத்த பெருநாளுக்கு அவரே, "ரீடிங் எடுக்க வந்திருக்கேன், லாத்தா" என்று குரல் கொடுத்தார்.

வளர்ந்த பிறகு அது அவளுக்கு வேடிக்கையாக இல்லை. பணக்கார அக்கா, காயில் கட்டும் தம்பி. இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்று நினைத்தாள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பெருநாளன்று காரைப் பாதியிலேயே திருப்பினாள். "இனிமே அந்த வாசல்ல நீங்க நிக்கக் கூடாது. நிக்கிறதா இருந்தா என் வீட்டுக்கு வராதீங்க" என்றாள். அவர், "உனக்குத் தெரியாதும்மா" என்றார். என்ன தெரியாது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாரோ என்னவோ.

அடக்கத்தன்று நடந்ததை அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. மேடவாக்கம் அடுக்ககத்தில், கீழே தண்ணீர் லாரி இறைக்கும் சத்தத்துக்கிடையே, உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்திக் கூடத்தில் கிடத்தினார்கள். முகத்துணியை விலக்கி, பார்க்க வேண்டிய பெண்களைக் கூப்பிட்டார்கள். கூட்டம் நிறைந்திருந்தது. ஷரீஃபா மாமி அடுத்த அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. "கூடப்பொறந்தவங்க வாங்க" என்று யாரோ அழைத்தார்கள். மாமி எழவில்லை. இன்னொருமுறை அழைத்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சாஹிரா எழுந்து அந்த அறைக்குப் போனாள்.

"உசுரோட இருந்தப்ப வாசல்ல நிக்க வெச்சீங்க. இப்பவும் முகத்தப் பாக்க மாட்டீங்களா? பாத்தா உங்க கவுரவம் கொறஞ்சிடுமா? அவ்வளவு கேவலமாப் போயிட்டாரா எங்க அத்தா?"

அங்கே இருந்த நாற்பது பேரும் கேட்டார்கள். மாமி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். "கேட்டது சரிதான்" என்று இரண்டு பெண்கள் சாஹிராவின் காதில் சொன்னார்கள். அப்போது அது ஆறுதலாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடையைத் திறந்தாள். வாடிக்கையாளர்களின் சாமான்களைத் திருப்பித் தந்தாக வேண்டும். அத்தாவின் கைப்பேசியையும் சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தாள். பன்னிரண்டு சாமான்கள் இருந்தன. அட்டையில் உள்ள ஊரையும் முறையையும் கைப்பேசியில் தேடினால் எண் கிடைத்தது. 'செம்பாக்கம் அக்கா'வை அழைத்தாள், வந்து அழுதுவிட்டு வாங்கிப்போனார். ஃபேனின் அட்டையில் 'படப்பை தங்கச்சி' என்று இருந்தது. அந்தப் பெயரைத் தேடினாள்.

மற்ற எல்லோருக்கும் இரண்டு மூன்று அழைப்புகள். 'படப்பை தங்கச்சி'க்கு ஒவ்வொரு வாரமும் அழைப்பு. வெள்ளிக்கிழமை மதியம், கடை அடைத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில். அவர் இறந்த பிறகு வந்த ஞாயிறன்று, அந்தப் பக்கமிருந்து வந்து எடுக்கப்படாத அழைப்புகள் ஆறு.

அவள் படித்த படிப்பு அவளுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்திருந்தது: இருக்கும் தடயங்களை வரிசையாக வைத்தால் காரணம் வந்துவிடும். வைத்தாள். வந்தது. வாராவாரம் பேசும் ஒரு பெண். இத்தனை வருஷமாக ஜாயின்ட் போட்டுக்கொண்டே இருந்த ஃபேன். நேரில் கொடுக்க வேண்டிய பொருள். மகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியம். அத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. அம்மா இருந்த காலத்திலிருந்தே.

இதைக் கேட்க அவளுக்கு உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பல்லாவரத்தில், அதே வாசற்படியில், அத்தா நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.

கதவைத் திறந்த ஷரீஃபா மாமி, "உள்ள வா" என்றார், நேற்றுத்தான் பார்த்ததுபோல. உட்கார வைத்தார். விசிறியைப் போட்டார்.

"ஒண்ணு கேக்கணும், மாமி. படப்பைல அத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சா?"

மாமி எதிரே உட்கார்ந்தார். "இருக்கு. நீ நெனக்கிற மாதிரி இல்ல. அது அவன் பொறந்த குடும்பம். நான் அவன்கூடப் பொறந்தவ இல்ல."

பிறகு நிறுத்தாமல் சொன்னார். அவருடைய தந்தை தாவூது பாய் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருந்தவர். படப்பைப் பக்கத்திலிருந்து கிளியம்மாள் என்று ஒரு பெண், காசநோய்க்குப் படுக்கையில் சேர வந்தாள். புருஷன் செத்து ஒரு வருஷம். கையில் ஐந்து வயதுப் பையன், கதிரேசன். வார்டுக்குள் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. "ஆறு மாசம் பாத்துக்குங்க, பாய்" என்று ரொட்டிக்கடையில் விட்டாள். ஆறு மாதம் இரண்டு வருஷமாயிற்று. கதிர் என்று கூப்பிட்டது தெருப் பிள்ளைகள் வாயில் கரீம் ஆயிற்று. பள்ளியில் தகப்பன் பெயர் கேட்டபோது தாவூது பாய் தன் பெயரையே சொன்னார்.

"அப்புறம் ஒருநாள் அவங்கம்மா குணமாகி வந்தா. மொட்டை வெயில்ல கடை வாசல்ல நின்னு, கதிருன்னு கூப்பிட்டா. அவன் எங்கம்மா சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான். 'இவங்க எங்கம்மா இல்ல'ன்னுட்டான். தெருவே பாத்துட்டு நின்னுச்சு. அவ சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா. அவன் வெளிய வரவே இல்ல. 'நல்லா இருக்கட்டும், பாய்'னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, நான் பாத்தேன். அநாதைன்னு யாரு சொன்னாலும் உங்கத்தா சிரிச்சிட்டுப் போயிடுவான். தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையத்தான் அவனால தாங்க முடியல."

சாஹிராவின் பார்வை வாசற்படியில் இருந்தது. மாமி அதைக் கவனித்தார்.

"ரெண்டு வயசுக்குள்ள எங்கம்மா அவனுக்குப் பால் குடுத்திருந்தா, பால்குடித் தம்பி ஆயிருப்பான். சொந்தத் தம்பிக்கும் அவனுக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. ஆனா அவன் அஞ்சு வயசுல வந்தவன். மார்க்கப்படி நான் அவனுக்கு அந்நியப் பொம்பள. அவனுக்குப் பதினாலு ஆனப்ப எங்கத்தா வீட்டு நடுவுல ஒரு திரை கட்டினாரு. யாரும் ஒண்ணும் சொல்லல. அன்னைலேர்ந்து அவன் கடையிலயே படுத்துக்கிட்டான். எனக்குக் கல்யாணம் ஆச்சு, வாசலோட நின்னுக்கிட்டான். என் பிள்ளைங்களுக்குக்கூட ஏன்னு தெரியாது. உங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். சாஹிராகிட்ட சொல்லிடாதீங்க லாத்தா, தாயையே இல்லன்னு சொன்னவன்னு என் பொண்ணு என்னப் பாக்கக் கூடாதுன்னான். நான் வாக்குக் குடுத்தேன்."

"அன்னைக்கு முகத்தப் பாக்காம..."

"எனக்கு ஆசை இல்லையா? பதினாலு வயசு முகம்தான் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் நிமிந்து பாத்ததே இல்ல. அம்பத்திமூணு வருஷம் வாசலோட நின்னு அவன் காப்பாத்தினத, அவன் எந்திரிக்க முடியாம கெடக்கறப்ப நான் போய் உடைக்கவா?"

சாஹிரா எழுந்துவிட்டாள். "மாமி, எல்லார் முன்னாடியும்தான் கேட்டேன். எல்லாரையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

"கேட்டா, எதுக்குன்னு கேப்பாங்க. அதையும் சொல்ல வேண்டி வரும். வேணாம்." மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் இப்ப நான் திமிரு பிடிச்சவ. இருந்துட்டுப் போறேன்."

மீதியையும் மாமியே சொன்னார். சாஹிரா பிறந்தபோதுதான் கரீமுக்குத் தாயைத் தேடத் துணிவு வந்தது. படப்பைப் பக்கம் தெருத்தெருவாக, "மிக்ஸி, ஃபேன் ரிப்பேர்" என்று கூவிக்கொண்டு போனார். வீட்டைக் கண்டுபிடித்தார். கிளியம்மாள் மறுமணம் செய்திருந்தாள். எல்லம்மா என்று ஒரு மகள். தான் யார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த ஃபேன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெட்டுப்போனது. ஒவ்வொரு முறையும் போய் வாங்கிவந்து, சரிசெய்து, கொண்டுபோய்க் கொடுத்தார். கிளியம்மாள் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. சொல்லாமலே அடக்கம் வரை போய் நின்றுவிட்டு வந்தார், ரிப்பேர்க்காரராக.

"அந்தம்மா போன பிறகும் அந்த ஃபேன் கெட்டுக்கிட்டே இருக்கு, லாத்தான்னு இந்த வாசல்ல நின்னு சிரிப்பான். என்ன ஃபேனோ."

என்ன ஃபேன் என்று சாஹிராவுக்குத் தெரியும். வெட்டுப்பட்ட முனைகள் இரண்டையும் அவள் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். வந்தவர் யார் என்று தாய்க்குத் தெரிந்திருக்கிறது; அவர் மறுபடி வரத்தான் கம்பியை வெட்டியிருக்கிறாள். தாய்க்குப் பின் எல்லம்மாவும் அதே கத்திரிக்கோலை எடுத்திருக்கிறாள். முப்பத்துமூன்று வருஷமாக அந்த ஃபேனைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு, எலிக்கும் கத்திரிக்கோலுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும். மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் ஃபேனைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அண்ணா என்று அவள் கூப்பிட்டாள், தங்கச்சி என்று இவர் அட்டையில் எழுதினார். சந்தேகப்பட அதில் யாருக்கும் ஒன்றுமில்லை.

"போன மாசம் வந்தப்ப சொன்னான்" என்றார் மாமி. "நீ வேணாம்னு சொன்ன பிறகும் பஸ்ல வந்துட்டுதான் இருந்தான், கோவிச்சுக்காத. இந்த ஞாயித்துக்கிழமை சாஹிராவக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிடப் போறேன் லாத்தா, எம் பொண்ணு முன்னாடியே சொல்லிடறேன்னான். அந்த ஃபேனக் குடுத்துட்டியா?"

"இல்ல, மாமி."

அன்று கடைக்குப் போய் ஃபேனின் பாகங்களைப் பூட்டினாள். புதுக் காயிலில் அவர் பூசிய வார்னிஷ் காய்ந்திருந்தது. முன்கூண்டின் நாலு கொக்கிகளையும் அவர் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பூட்டி ஓட்டிப் பார்த்தாள், சத்தமே இல்லை. மற்ற பதினொரு சாமான்களும் அந்த வாரமே உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. ஃபேனைக் காரின் பின் இருக்கையில் வைத்தாள். போகிற வழிதானே.

மே மாதத்து வெயிலில் ஒரு சனிக்கிழமை, அத்தாவின் கைப்பேசி அடித்தது. எடுத்தாள்.

"இன்னாண்ணா, ஒரு மாசமா போனே எடுக்க மாட்டேன்ற? ஒடம்புகிடம்பு சரியில்லியா?"

"நான் அவர் பொண்ணு பேசறேன்."

"சாஹிராவா?" குரல் மாறியது. "ஒரகடத்துல வேல செய்ற பொண்ணுதான? தெனிக்கும் எங்க ஊரு வழியாத்தான் போறன்னு அண்ணன் சொல்லும். வெள்ள காரு. நான்கூட ரெண்டு மூணு தபா காலைல ரோட்டாண்ட நின்னுகினு பாத்துக்கீறேன். நீ நேரா பாத்துகினு போய்ட்ட."

சாஹிரா கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்த ஞாயித்துக்கெயம உன்னியும் இட்டுகினு வர்றேன்னுச்சு. பாய் கடையாண்ட போய்க் கோயி வாங்கியாந்து ஆக்கி வெச்சுகினு பாத்துகினே இருந்தேன். வரவேயில்ல. அண்ணன் எப்டி கீது, கண்ணு?"

சொல்ல வேண்டியது ஒரே வரி. அவள் வாயில் வந்தது வேறு.

"ஃபேன் ரெடியா இருக்கு."

"ஃபேன் கெடக்குது வுடு. அண்ணன் எப்டி கீதுன்னு கேட்டேன்."

"நாளைக்குக் கொண்டு வர்றேன்" என்று சொல்லித் துண்டித்தாள்.

அந்த நாளை போய்விட்டது. அடுத்த ஞாயிறும் போய்விட்டது. ஃபேன் பின் இருக்கையிலேயே இருக்கிறது, சரியாமல் இருக்க பெல்ட் போட்டு. திங்கள் முதல் சனிவரை காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அது படப்பையைக் கடக்கிறது. வண்டி குலுங்கும்போது அட்டை கூண்டில் தட்டுகிறது. இருவராகப் போய் நேரில் கொடுக்க வேண்டியது. ஒருவர் இல்லை. மற்றவள் இன்னும் இறங்கவில்லை.